காய்ச்சலும் பாய்ச்சலும்

(உலகக் கொசு தினத்தன்று தஞ்சாவூர் மாவட்டத்தில் நடந்த ஆசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று ஆகஸ்ட் 20. 1897-ஆம் ஆண்டு இதே நாளில், செகந்திராபாத்தில் இருந்த ரொனால்டு ராஸ் என்ற ராணுவ மருத்துவர், ஒரு கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். அதன் நினைவாகத்தான் இன்று உலகக் கொசு தினம். நாளை ஆகஸ்ட் 21. 1934-ஆம் ஆண்டு அந்த நாளில் மேட்டூர் அணை திறக்கப்பட்டது. முதல் தேதியை அறிவியல் பாடத்திலும் இரண்டாவதைச் சமூக அறிவியல் பாடத்திலும் நடத்துகிறோம். இரண்டையும் சேர்த்து நாம் நடத்துவதில்லை. ஆனால் நம் மாவட்டத்தில், பட்டுக்கோட்டைப் பக்கத்தில், அவை இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தன. அந்தக் கதையைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

அதற்கு முன்னால் என் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எட்டாம் வகுப்பில் நோய்கள் பற்றிப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். 'தேங்கிய நீரில் கொசுக்கள் உற்பத்தியாகின்றன' என்று கரும்பலகையில் எழுதினேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "டீச்சர், எங்க வயல் முழுக்கத் தண்ணி நிக்குது. ஊரைச் சுத்தி எல்லாம் வயல்தான். அப்ப சம்பா முழுக்க எல்லாருக்கும் மலேரியா வரணுமே, ஏன் வரல?" என்றாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை. "அது ஓடுற தண்ணிம்மா, உட்காரு" என்றேன். அவள் விவசாயி மகள். நட்ட வயலில் நீர் கட்டித்தான் வைப்பார்கள், ஓடவிட மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அவள் உட்கார்ந்துவிட்டாள். அதன் பிறகு அந்த ஆண்டு முழுவதும் அவள் கேள்வி எதுவும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அவள் கேட்ட கேள்வியை எண்பது ஆண்டுகளுக்கு முன்பே, இதே மண்ணில் நின்று ஒருவர் கேட்டிருக்கிறார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஒரு பயிற்சியில் சந்தித்த, ஓய்வுபெற்ற பூச்சியியல் பேராசிரியர் ஒருவர், "தஞ்சாவூர்க்காரரா? பட்டுக்கோட்டை இல்லாமல் மலேரியா வரலாறே இல்லையே அம்மா" என்றார். நான் விழித்தேன். அவர் சொன்ன பெயர் டி. ராமச்சந்திர ராவ்.

கல்லணைக் கால்வாயைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் ஊர்களில் அதற்குப் புது ஆறு என்று பெயர். கரிகாலன் கல்லணை பழையது. இந்த ஆறு புதிது. மேட்டூர்த் திட்டத்தோடு சேர்த்து வெட்டப்பட்டது. தஞ்சாவூர், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை வழியாகச் சென்று, மழையையும் ஏரியையும் மட்டும் நம்பியிருந்த இரண்டு லட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்துக்குக் காவிரித் தண்ணீரைக் கொண்டுபோனது. என் அப்பாயி பட்டுக்கோட்டைக்கு மேற்கே ஒரு கிராமத்தில் பிறந்தவர். புது ஆற்றில் முதல் தண்ணீர் வந்தபோது அவருக்கு எட்டு ஒன்பது வயது இருக்கும். "ஆறு வந்துச்சு, நெல்லுச்சோறு வந்துச்சு. கூடவே குளிர்காய்ச்சலும் வந்துச்சு" என்பார். சிறு வயதில் அதைக் கேட்டு நான் சிரித்திருக்கிறேன். ஆறு எப்படிக் காய்ச்சலைக் கொண்டுவரும்?

அப்பாயி சொன்னதில் தவறே இல்லை. புதிதாகப் பாசனம் பெற்ற பட்டுக்கோட்டைத் தாலுகாவில் மலேரியா பரவியது. அரசு கவலைப்பட்டது. அமெரிக்காவின் ராக்பெல்லர் அறக்கட்டளையைச் சேர்ந்த பால் ரஸ்ஸல் என்ற மலேரியா மருத்துவர் இங்கே ஆய்வைத் தொடங்கினார். அவருடன் சேர்ந்த இந்தியர்களில் ஒருவர்தான் பூச்சியியல் அறிஞரான ராமச்சந்திர ராவ். 1938-இல் ரஸ்ஸல், மேனன், ராவ் ஆகிய மூவரும் பட்டுக்கோட்டைத் தாலுகாவின் மலேரியா பற்றி ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். உலகம் முழுவதும் மலேரியா படிக்கிறவர்களுக்கு நம் பட்டுக்கோட்டை அறிமுகமானது அப்படித்தான்.

அவர்கள் வந்த காலத்தையும் நினைத்துப் பாருங்கள். 1934-35-இல், கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் மலேரியா கொள்ளைநோயாகப் பரவி, ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். அங்கே காரணம் வறட்சி. மழை பொய்த்தது, ஓடிக்கொண்டிருந்த ஆறுகள் நின்று, மணலுக்கு நடுவே தெளிந்த நீர்க் குட்டைகளாக மாறின. அவற்றில் அனாபிலஸ் குலிசிஃபேசிஸ் என்ற கொசு பெருகியது. இங்கே பட்டுக்கோட்டையிலும் நோயைப் பரப்பியது அதே கொசுதான். அங்கே தண்ணீர் போனதால் வந்தது, இங்கே தண்ணீர் வந்ததால் வந்தது. 'தேங்கிய நீர்' என்ற இரண்டு சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு இதை விளக்க முடியுமா? ஒருவர் இறங்கிப் போய் ஒவ்வொரு நீரையும் பார்த்தாக வேண்டும்.

ராவ் அதைத்தான் செய்தார். கிணறு, குளம், வாய்க்கால், கன்னி, வயல், வண்டித்தடம், மாட்டுக் குளம்படி என்று எங்கெல்லாம் நீர் நிற்கிறதோ அங்கெல்லாம் புழுக்களை முகந்து, இனம் பிரித்து, எண்ணி, மாதவாரியாகக் குறித்துவைத்தார்கள். கேட்பதற்கு எளிது. சித்திரை வெயிலிலும் ஐப்பசி அடைமழையிலும் ஆண்டுக்கணக்கில் இதையே செய்ய எவ்வளவு பொறுமை வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். நம் பகுதியில் அனாபிலஸ் இனங்கள் பல உண்டு. அவற்றில் பெரும்பாலானவை மலேரியாவைப் பரப்புவதில் முக்கியமானவை அல்ல. குலிசிஃபேசிஸ் எங்கே வளர்கிறது என்பதுதான் கேள்வி.

பதில் கிடைத்தது. கால்வாய்க் கரை கட்ட மண் எடுத்தார்கள் அல்லவா, அந்தப் பள்ளங்களில் மழைநீரும் கசிவுநீரும் நின்றன. வெயில் படும், தெளிந்த, புதிய நீர். குலிசிஃபேசிஸுக்கு அது மிகவும் பிடித்த இடம். மண் எடுத்த பள்ளங்களைப் பற்றி மட்டுமே ரஸ்ஸலும் ராவும் 1942-இல் தனிக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். அடுத்தது, ஒழுகும் மடைகள், உடைந்த கரைகள், வடிகால் இல்லாத வாய்க்கால்கள். 1938-இல் ரஸ்ஸல் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே அவருடைய முடிவு இருக்கிறது: குறைபாடுள்ள, ஒழுங்கற்ற பாசனத்தால் வரும் மலேரியா. ஆற்றைக் கொண்டுவந்தவர்கள் அதன் மிச்சத் தண்ணீர் எங்கே போகும் என்று யோசிக்கவில்லை. அப்பாயி சொன்ன குளிர்காய்ச்சல் அந்த மிச்சத் தண்ணீரில் பிறந்தது.

இனி வயலுக்கு வருவோம். அந்த மாணவியின் கேள்விக்கு உரிய இடம் இது.

நீர் கட்டி நாற்று நட்ட புதிதில் வயலில் குலிசிஃபேசிஸ் புழுக்கள் நிறைய இருந்தன. பயிர் வளர வளரக் குறைந்தன. பயிர் ஏறத்தாழ ஓரடி உயர்ந்த பிறகு அநேகமாக மறைந்தே போயின. தண்ணீர் அப்படியேதான் நிற்கிறது, புழு மட்டும் இல்லை. ஏன்? நம் வகுப்பில் கேட்டால் பிள்ளைகள் என்ன சொல்வார்கள்? பயிர் நிழல் கட்டுவதால் இருக்கலாம். நீர் குளிர்ந்துவிடுவதால் இருக்கலாம். பயிரின் வேரிலிருந்து ஏதாவது கலப்பதால் இருக்கலாம். எல்லாம் நல்ல ஊகங்கள்தான். எது சரி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அவர்கள் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. நீர் நிறைந்த குழிகளில் நாற்றுக்குப் பதிலாக வெறும் குச்சிகளைச் செங்குத்தாக, நெருக்கமாக நட்டுப் பார்த்தார்கள். குச்சிக்கு இலை இல்லை, நிழல் பெரிதாக விழாது. வேர் இல்லை, நீரில் எதுவும் கலக்காது. பயிரிடம் உள்ள ஒரே ஒரு குணம்தான் குச்சியிடம் உண்டு: வழியை மறித்து நிற்பது. அந்த ஒன்றே போதுமானதாக இருந்தது. குச்சிகள் நெருங்கி நின்ற நீரில் குலிசிஃபேசிஸ் முட்டையிடுவதைத் தவிர்த்தது.

காரணம் அந்தக் கொசு முட்டையிடும் முறையில் இருக்கிறது. அது நீரின்மேல் உட்கார்ந்து முட்டையிடுவதில்லை. நீருக்குச் சற்று மேலே மேலும் கீழுமாக ஆடிப் பறந்துகொண்டே முட்டைகளை உதிர்க்கிறது. அந்த ஆட்டத்துக்குத் திறந்த இடம் வேண்டும். ஓரடி உயரமும் நெருக்கமும் கொண்ட பயிர் அதற்கு இடம் தராது. நம் சம்பாப் பயிரே அந்தக் கொசுவுக்கு வேலியாக நிற்கிறது. தண்ணீர் இருந்தும் வயல் முழுவதும் ஏன் மலேரியாக் கொசு இல்லை என்ற கேள்விக்கு இதுதான் விடை. அந்தக் கட்டுரை வந்த ஆண்டும் 1942.

இந்தச் சோதனைக்கு என்ன செலவு? குச்சிகள், குழிகள், கண், பொறுமை. நுண்ணோக்கி கூட இல்லாத பள்ளியில் வேலை பார்ப்பவர்கள் நம்மில் பலர் இருக்கிறோம். ஆய்வகம் இல்லை என்பது நம் வழக்கமான குறை. அந்தக் குறை நியாயமானதுதான். ஆய்வகம் வேண்டும் என்று தொடர்ந்து கேட்கத்தான் வேண்டும். ஆனாலும் ஒரு காரணியை மட்டும் பிரித்தெடுத்துச் சோதிப்பது என்றால் என்ன என்று கற்பிக்க, நம் ஊர் வயலில் நடந்த இந்தச் சோதனையைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

பயனும் உடனே புரிகிறது. எல்லா வயலுக்கும் எல்லா மாதமும் மருந்தடிக்கத் தேவையில்லை. நடவிலிருந்து பயிர் ஓரடி உயரும் வரை கவனம் வேண்டும். மண் எடுத்த பள்ளங்களும் ஒழுகும் மடைகளும் நிரந்தரக் கவனத்துக்கு உரியவை. எந்த நீர் என்று தெரிந்தவுடன் வேலை பாதியாகக் குறைந்துவிட்டது.

பட்டுக்கோட்டையில் இன்னொன்றும் நடந்தது. குலிசிஃபேசிஸ் பகலில் வீடுகளிலும் மாட்டுக்கொட்டகைகளிலும் தங்கும் கொசு. ஆகவே சாமந்தி இனப் பூவிலிருந்து எடுக்கும் பைரித்ரம் மருந்தை வீடுகளுக்குள் தெளித்து, வளர்ந்த கொசுக்களையே கொன்று பார்த்தார்கள். ரஸ்ஸலும் பொறியாளர் நைப்பும் பருவம் பருவமாக இந்த முடிவுகளை 1939-லிருந்து வெளியிட்டார்கள். அதுவரை உலகம் பெரும்பாலும் நீரில் உள்ள புழுவை அழிப்பதையே நம்பியிருந்தது. ஏழை நாட்டுக் கிராமங்களில் வீட்டுக்குள் மருந்து தெளித்து மலேரியாவைக் குறைக்க முடியும் என்று காட்டிய தொடக்க முயற்சிகளில் பட்டுக்கோட்டைக்கும் இடம் உண்டு.

பிறகு டி.டி.டி. வந்தது. ராவ் பம்பாய் மாகாணத்துக்குச் சென்று, டி. கே. விஸ்வநாதனுடன் சேர்ந்து பணியாற்றினார். கனரா, தார்வார் மாவட்டங்களில் வீடுகளின் உட்சுவர்களில் டி.டி.டி. தெளித்துக் கிராமப்புற மலேரியாவைக் கட்டுப்படுத்திய முதலாண்டு முடிவுகளை இருவரும் 1947-இல் வெளியிட்டார்கள். நாடு விடுதலை பெற்றபோது ஆண்டுக்கு ஏறத்தாழ 7.5 கோடிப் பேருக்கு மலேரியா வந்தது, 8 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது மதிப்பீடு. 1953-இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. 1958-இல் அதுவே ஒழிப்புத் திட்டமானது. 1965-இல் நோயாளிகளின் எண்ணிக்கை 1 லட்சம் அளவுக்கு இறங்கியது. மலேரியா முடிந்தது என்றே பலரும் நினைத்தார்கள்.

முடியவில்லை. 1976-இல் எண்ணிக்கை 64 லட்சத்தைத் தாண்டியது. குலிசிஃபேசிஸ் கொசு டி.டி.டி.யைத் தாங்கப் பழகியிருந்தது. கண்காணிப்பு தளர்ந்திருந்தது. மருந்து இருக்கிறதே என்ற நம்பிக்கையில் கொசுவைப் படிக்கும் பழக்கம் குறைந்திருந்தது. ராவ் அந்தப் பழக்கத்தை விடாதவர். 1960-களில் புனேயின் வைரஸ் ஆராய்ச்சி மையத்துக்கு இயக்குநராக இருந்தவர், பட்டுக்கோட்டையில் தொடங்கிய வேலையைத் தொடர்ந்து, இந்தியாவின் அனாபிலஸ் கொசுக்கள் அனைத்தையும் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். அது 1981-இல் வெளிவந்தது. திருத்திய பதிப்பு 1984-இல். இன்றும் இந்தியக் கொசுக்களைப் படிக்கிறவர்கள் அந்த நூலைத் திறக்காமல் இருக்க முடியாது. 1930-களில் வயல் வரப்பில் தொடங்கியவர், ஐம்பது ஆண்டுகள் ஒரே கேள்வியோடு இருந்திருக்கிறார்: எந்தக் கொசு, எந்த நீர்?

அதே கேள்வியை நம் பக்கத்திலேயே வேறு சிலரும் எடுத்துச் சென்றார்கள். 1975-இல் புதுச்சேரியில் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் தொடங்கியபோது அதன் இயக்குநராக வந்தவர் பி. கே. ராஜகோபாலன். யானைக்கால் நோய் என்றால் கும்பகோணம் நினைவுக்கு வரும் நமக்கு. அவருடைய குழு அதற்காகவே புதுச்சேரியில் 1981 முதல் 1985 வரை பெரிய முயற்சி ஒன்றை நடத்தியது. கேரளத்தின் சேர்த்தலாவில் யானைக்கால் நோயைப் பரப்பும் மான்சோனியா கொசு, நீரில் மிதக்கும் ஆகாயத்தாமரையின் வேரைத் துளைத்து அதிலிருந்து மூச்சு எடுக்கிறது. செடி இல்லாவிட்டால் கொசு இல்லை. தென்னைக்கு உரமாகப் பயன்பட்ட அந்தச் செடியை 'எடுத்துவிடுங்கள்' என்று வெறுமனே சொன்னால் யார் கேட்பார்கள்? குளத்தில் மீன் வளர்த்தால் வருமானம் வரும் என்று காட்டினார்கள். மக்கள் தாங்களே செடியை அகற்றினார்கள்.

மதுரையில் 1985-இல் தொடங்கிய மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தை வழிநடத்திய ரேச்சல் ரூபனைப் பற்றி மாணவிகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். வயலில் கொசுவே இல்லை என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. குலிசிஃபேசிஸ் விலகிப் போகும் நெல்வயலில் வேறு கொசு இருக்கிறது. அது கியூலெக்ஸ் வகை. ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்புவது. இந்தியாவில் அந்த நோய் முதன்முதலில் கண்டறியப்பட்டது 1955-இல், வேலூர்ப் பகுதியில். ரூபன் அந்த வட ஆர்க்காட்டுக் கொசுக்களைத் தேடித் தேடிப் படித்தவர். பின்னர் மதுரை மையம், வயலில் எப்போதும் நீர் கட்டாமல், கட்டி, வற்றவிட்டு, மறுபடியும் கட்டினால் கொசு குறைகிறதா என்று சோதித்தது. குறைந்தது. விளைச்சலும் குறையவில்லை. ஆனால் ஒரு மடையின் கீழ் உள்ள எல்லா விவசாயிகளும் சேர்ந்து செய்தால்தான் முடியும். வடிகாலும் ஒழுங்காக இருக்க வேண்டும்.

இந்த முறைக்கு நம் ஊரில் என்ன பெயர்? காய்ச்சலும் பாய்ச்சலும். 'காய்ச்சலும் பாய்ச்சலுமா தண்ணி கட்டணும்' என்று நம் பெரியவர்கள் பயிருக்காகச் சொன்னார்கள். நிலம் காய்ந்தால் மனிதருக்குக் காய்ச்சல் குறையும் என்று சொல்லவே அந்தச் சொல் பிறந்ததுபோல் இருக்கிறது!

இப்போது இன்னொரு நிகழ்ச்சி. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம்தான். ஆனாலும் ஆசிரியர்கள் மத்தியில் சொல்லாமல் வேறெங்கே சொல்வது?

ஒரு புரட்டாசியில் எங்கள் பள்ளியில் டெங்கு விழிப்புணர்வுப் பேரணி நடத்தினோம். பதாகைகள் எழுதும் பொறுப்பு எனக்கு. 'சாக்கடையைச் சுத்தம் செய்வோம், கொசுவை ஒழிப்போம்' என்று எழுதிக் கொடுத்தேன். பிள்ளைகள் தெருத்தெருவாகக் கோஷமிட்டு வந்தார்கள். இரண்டு வாரம் கழித்து என் வகுப்பிலேயே இரண்டு பேருக்கு டெங்கு. ஒரு பையனுக்கு ரத்தத் தட்டணுக்கள் மிகவும் குறைந்து, ஒன்பது நாள் மருத்துவமனையில் இருந்தான். அவன் அம்மா நடவு வேலைக்குப் போகிறவர். அந்த ஒன்பது நாளும் அவருக்குக் கூலி இல்லை. நான் பார்க்கப் போனபோது, "பள்ளிக்கூடத்துல ஊர்வலம் எல்லாம் போனானே டீச்சர்" என்றார். குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் கொசு ஒழிப்புப் பணியாளர் ஒருவர் பள்ளிக்கு வந்தார். நேராகச் சாக்கடைக்குப் போவார் என்று நினைத்தேன். அவர் பள்ளி முகப்புக்குப் போனார். பழைய டயர்களுக்கு வண்ணமடித்து நாங்கள் பூச்செடி வைத்திருந்தோம். அழகாக இருக்கிறது என்று வருகிறவர்கள் எல்லாம் பாராட்டிய இடம். செடி வைக்காமல் விட்ட ஒரு டயரின் உள்விளிம்பில் டார்ச் அடித்தார். மழைநீர், அதில் நெளியும் புழுக்கள். "இது நல்ல தண்ணி டீச்சர். இதுக்குத்தான் இந்தக் கொசு வரும். சாக்கடைக்கு வராது" என்றார்.

ஏடிஸ் கொசு வீட்டுக்குள்ளும் வீட்டைச் சுற்றியும் பாத்திரங்களில் நிற்கும் தெளிந்த நீரில் வளர்வது, பகலில் கடிப்பது. பாடத்தில் அது இருக்கிறது. நான்தான் அதை நடத்தினேன். பதாகை எழுதும்போது மட்டும் 'அழுக்கு நீர், கொசு' என்ற பழைய நினைப்பு என் கையைப் பிடித்து எழுதிவிட்டது. எந்தக் கொசு, எந்த நீர் என்று ஒரு நிமிடம் கேட்டிருந்தால் பிள்ளைகளைத் தெருவுக்கு அனுப்பும் முன் முகப்பில் இருந்த டயரைக் கவிழ்த்திருப்பேன். அவனைக் கடித்த கொசு அந்த டயரில்தான் வளர்ந்தது என்று என்னால் சொல்ல முடியாது. அவன் வீட்டுப் பக்கமாகவும் இருக்கலாம். அந்தச் சந்தேகம் எனக்கு இன்றும் தீரவில்லை.

அதன் பிறகு எங்கள் வகுப்பில் ஒரு நோட்டு வைத்தோம். பெயர் 'எந்த நீர்?'. வாரம் ஒரு நாள், நான்கு நான்கு பேராகப் பிள்ளைகள் பள்ளி வளாகத்தைச் சுற்றி வருவார்கள். தண்ணீர் நிற்கும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வரி எழுதுவார்கள்: எந்த இடம், தெளிந்ததா கலங்கியதா, வெயிலா நிழலா, புழு உண்டா இல்லையா. வெள்ளைக் கிண்ணத்தில் ஒரு கரண்டி நீர் எடுத்தால் புழு தெளிவாகத் தெரியும். நீர்மட்டத்துக்கு இணையாகப் படுத்திருந்தால் அனாபிலஸ். தலைகீழாகச் சாய்ந்து தொங்கினால் ஏடிஸ் அல்லது கியூலெக்ஸ். ஆறாம் வகுப்புப் பிள்ளையே பிரித்துச் சொல்லிவிடும்.

செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள். பிள்ளைகளைக் குளத்துக்கோ வாய்க்காலுக்கோ தனியே அனுப்பாதீர்கள். வளாகமும் வீடும் போதும். எடுத்த புழுவை வகுப்பில் வைத்து வளர்க்கக் கூடாது. பார்த்து முடித்ததும் காய்ந்த மண்ணில் கொட்டிவிடுங்கள். தொட்டியையும் டிரம்மையும் கவிழ்த்தால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேய்த்துக் கழுவச் சொல்லுங்கள். ஏடிஸ் முட்டை நீர்மட்டத்துக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் பல மாதங்கள் சாகாது. மறுபடி நீர் ஏறினால் பொரியும். ஏன் வாரம் ஒரு நாள் என்று பிள்ளைகள் கேட்பார்கள். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும், அதற்குள் முந்திக்கொள்ள வேண்டும் என்று சொல்லுங்கள்.

கணித ஆசிரியர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. பார்த்த வீடுகளில் எத்தனை வீட்டில் புழு இருந்தது என்பதை நூற்றுக்குக் கணக்கிட்டால் அதுதான் சுகாதாரத் துறை பயன்படுத்தும் வீட்டுக் குறியீடு. 40 வீடு பார்த்து 6 வீட்டில் புழு இருந்தால் 15. சதவீதப் பாடத்துக்கு இதைவிடப் பொருத்தமான கணக்கு கிடைக்காது. தமிழ் ஆசிரியர்கள் தாத்தா பாட்டிகளிடம் புது ஆறு வந்த கதையை எழுதி வாங்கிவரச் சொல்லலாம். முதல் தண்ணீரைப் பார்த்தவர்கள் இனி அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். அவர்கள் சொல்லக் கேட்டவர்களாவது இருக்கும்போதே எழுதிவிட வேண்டும்.

முடிக்கும் முன் அந்த மாணவியைப் பற்றி. ராவின் குச்சிச் சோதனையை நான் தெரிந்துகொண்டபோது அவள் பத்தாம் வகுப்பில் இருந்தாள். இடைவேளையில் கூப்பிட்டு, "நீ எட்டாவதுல ஒரு கேள்வி கேட்டியேம்மா, நான் தப்பாப் பதில் சொல்லிட்டேன்" என்று தொடங்கி முழுவதையும் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே, "நீங்க பதில் சொல்லலைன்னு அப்பவே தெரியும் டீச்சர்" என்றாள். கொஞ்ச நேரம் நின்று யோசித்தவள் கேட்டாள்: "அறுவடை முடிஞ்சு வயல்ல பயிர் இல்லாம தண்ணி நின்னா, அப்ப அந்தக் கொசு திரும்ப வருமா டீச்சர்?"

இந்த முறை, "எனக்குத் தெரியல, வா பார்க்கலாம்" என்றேன். அந்தத் தை மாதம், அவள் அப்பாவையும் உடன் அழைத்துக்கொண்டு, ஒரு கரண்டியும் வெள்ளைக் கிண்ணமுமாக நாங்கள் வயலுக்குப் போனோம்.

ராமச்சந்திர ராவ் நடந்த வரப்புகளில்தான் நம் பிள்ளைகள் தினமும் பள்ளிக்கு நடந்து வருகிறார்கள். அவர்கள் கேள்வி கேட்டால் உட்காரச் சொல்லாமல் இருப்போம்.